வீட்லயே கலம்காரி ட்ரை பண்றேன்: கருப்பு பரவுது, சிகப்பு திட்டு திட்டா வருது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

நகரி_தறிப்பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். நான் நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம். எங்க வீட்ல பவர்லூம் ஓடுது, காடாத்துணிக்கு பஞ்சமே இல்ல. காளஹஸ்தி இங்கேர்ந்து பஸ்ல போயிட்டு சாயங்காலம் திரும்பற தூரம்தான், சின்ன வயசுல இருந்து, மூங்கில் கலத்தால கையிலயே வரையற அந்த கலம்காரி துணிய பாத்துப் பாத்து எனக்கும் போடணும்னு ஆசை, ஆனா சொல்லித்தர ஆள் இல்லாம தெரிஞ்சத வச்சு ஆரம்பிச்சிருக்கேன். கடுக்காய் பொடிய பால்ல கலந்து துணிய முக்கி வெயில்ல காய வச்சேன். துருப்பிடிச்ச ஆணி, தறில கழிச்ச இரும்பு எல்லாம் வெல்லத்தண்ணில ஊற போட்டு கருப்பும் ரெடி பண்ணேன். மூங்கில் குச்சில துணி சுத்தி கலம் செஞ்சேன். கோடு போட்டா கருப்பு நல்லாதான் வருது ஆனா ரெண்டு பக்கமும் மயிர் மயிரா பரவிடுது. அடுத்து படிகாரம் தடவி, சிகப்பு சாயத்துக்கு மஞ்சிட்டி வேர் போட்டு காய்ச்சினா சிகப்பு ஒரு எடத்துல அழகா பிடிக்குது, பக்கத்துலயே வெளிறி கெடக்குது, சும்மா விட்ட எடத்துலயும் ரோஸ் கலர் ஏறிடுது. எங்க கை வைக்கணும்னு சொல்லுங்க. கெமிக்கல் கலர் வாங்கி போடுன்னு மட்டும் சொல்லாதீங்க, அது எனக்கு தெரியும்.

புத்தூர்_ஸ்க்ரீன்
நான் புத்தூர்ல ஸ்க்ரீன் பிரிண்டிங் பண்ணிகினு இருக்கேன். தங்கச்சி கெமிக்கல் வாணாம்னு சொல்லிடுச்சி, அதுக்குள்ள போகல. ஒண்ணு மட்டும் கேக்கறேன், தறில இருந்து எறக்கின துணிய அப்படியே எடுத்து கடுக்காய்ல போட்டியா? பாவு நூல்ல, அதான் நெட்டுக்கு ஓடற நூல்ல, கஞ்சி இருக்குமே. அது போகாம எந்த கலரும் ஒழுங்கா உள்ள எறங்காது, நேச்சுரலோ, ரியாக்டிவ்னு சொல்ற கெமிக்கல் கலரோ எதுவா இருந்தாலும் கதை இதேதான். துணி மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு பாரு. டக்குன்னு உறிஞ்சினா ரெடி. முத்து மாதிரி நின்னுச்சின்னா இன்னும் கஞ்சி, எண்ணெய் எல்லாம் உள்ள இருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, இப்ப தறில பாலியஸ்டர் கலந்த நூல் ஓட்றாங்க இல்ல, அதையும் பாத்துக்கோ. ஓரத்துல ஒரு நூல உருவி கொளுத்து. பேப்பர் எரியற வாசனையோட சாம்பலானா காட்டன், உருகி உருண்டையா கெட்டியா நின்னா பாலியஸ்டர். அதுல கடுக்காயும் ஒட்டாது படிகாரமும் ஒட்டாது.

நகரி_தறிப்பொண்ணு
கொளுத்தி பாத்தேன்ணா, சுத்த காட்டன்தான். ஆனா தண்ணி சொட்டு நிக்குது. சோப்பு போட்டு அலசிட்டுதான் எடுத்தேன், அது பத்தலையா?

சித்தூர்_கெமிஸ்ட்ரி
பத்தாதும்மா. சோப்புத்தண்ணில மேல் அழுக்கு போகும், பாவுல ஏத்தின கஞ்சி போகாது. ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணில ஊற விடுங்க, லேசா புளிச்சா கஞ்சி தானா கரைய ஆரம்பிக்கும். காலைல அலசிட்டு, சோடா ஆஷ் போட்டு ஒரு மணி நேரம் நல்லா கொதிக்க வைங்க. துணி எடைல 2 சதவீதம் போதும், அதாவது ஒரு கிலோ துணிக்கு 20 கிராம், கூட கொஞ்சம் சோப்பு. பருத்தி நார் மேல இயற்கையாவே மெழுகு பூச்சு உண்டு, அதுவும் இதுலதான் போகும். கொதிச்ச தண்ணி டீ டிகாக்‌ஷன் கலர்ல மாறும், பாத்தா நம்ப மாட்டீங்க வெள்ளைத்துணில இவ்ளோ இருந்துச்சான்னு. அப்புறம் அந்த சொட்டு டெஸ்ட் திரும்ப பண்ணுங்க.

சிகப்பு திட்டு திட்டா வந்ததுக்கு பாதி காரணம் இதுவாதான் இருக்கும். கஞ்சி நின்ன எடத்துல கடுக்காய் கம்மியா பிடிக்கும், கடுக்காய் கம்மியானா படிகாரம் கம்மி, படிகாரம் கம்மியானா சிகப்பு கம்மி. சங்கிலி மாதிரி ஒண்ண ஒண்ணு இழுத்துகிட்டு வரும். கண்ணுக்கு கடைசில வர்ற சிகப்புதான் தெரியுது, தப்பு நடந்தது மொத நாள்ல.

காளத்தி_மருமக
நகரி பொண்ணே, இப்பதான் இந்த இழைய பாத்தேன். எனக்கு பொறந்த ஊரு ஊத்துக்கோட்டை, வாக்கப்பட்டது காளஹஸ்தில கலம்காரி வீட்ல. மாமியார் கிட்ட திட்டு வாங்கி வாங்கி கத்துகிட்டது, அதனால நீ சொல்றதெல்லாம் எனக்கு நல்லா புரியுது.

கருப்பு பரவுதுன்னா மொதல்ல பால கேக்கணும். நீ எந்த பால் ஊத்தின? பாக்கெட்ல வர்ற கொழுப்பு எடுத்த பாலா? எங்க வீட்ல எருமைப்பால், அதுவும் காய்ச்சாத பச்சைப்பால். அந்த கொழுப்புதான் கோட்ட புடிச்சி நிறுத்துது, கொழுப்பு இல்லன்னா மை துணில ஊறிகிட்டே போயிடும். துணி எடைக்கு அஞ்சுல ஒரு பங்கு கடுக்காய் பொடி எடுத்து கொஞ்சம் தண்ணில கொழைச்சி, பால்ல கலந்து, துணி எல்லா பக்கமும் சமமா நனையற மாதிரி பெசஞ்சி பெசஞ்சி ஊற வைக்கணும். புழியறப்ப ஒரே மாதிரி முறுக்கணும், ஒரு மூலைல பால் தேங்கினா அங்க கருப்பு ஒரு மாதிரி விழும் இங்க ஒரு மாதிரி விழும். காயறது நல்ல வெயில்ல காயணும், மூட்டம் போட்ட நாள்ல பால் தோச்சா நாத்தம் அடிச்சி துணில பூசணம் பூத்துடும், அதனாலதான் ஐப்பசி கார்த்திகைல எங்க தெருவுல யாரும் பால் வேலை வச்சுக்க மாட்டாங்க.

ரெண்டாவது கலம். துணி சுத்தினேன்னு சொல்றியே, துணி வாணாம். கம்பளி சுத்தி நூலால இறுக்கி கட்டணும். கம்பளிதான் மைய குடிச்சி வச்சிகிட்டு நீ அமுக்கறப்ப அளவா விடும். கோடு போட முனை கூரா சீவின குச்சி, உள்ள நெரப்ப மொண்ணை குச்சி, ரெண்டு தனித்தனி. மைல தோச்ச உடனே துணில வைக்காத, கையில ஒரு தடவ சொட்டிட்டு வை.

மூணாவது மை. எத்தன நாள் ஊற வச்ச?

நகரி_தறிப்பொண்ணு
அக்கா, பாக்கெட் பால்தான். நீங்க சொன்னதும்தான் புரியுது. மை ஒரு வாரத்துக்கு மேல ஊறிச்சு, நுரை வந்துச்சு, சரி ஆயிடுச்சின்னு எடுத்துட்டேன்.

காளத்தி_மருமக
நுரை வர்றப்ப எடுக்கக்கூடாதும்மா, நுரை அடங்கின அப்புறம்தான் எடுக்கணும். எங்க வீட்டு கணக்கு 10 லிட்டர் தண்ணி, ஒரு கிலோ துருப்பிடிச்ச இரும்பு, ஒரு கிலோ வெல்லம், பனைவெல்லம் கெடைச்சா பாதிக்கு பாதி. மண்பானைல போட்டு வாய கட்டி ஓரமா வச்சிடுவோம். வெயில் காலத்துல 15 நாள், மழை காலம் குளிர்ல 21 நாளும் ஆகும். அப்பப்ப கிண்டி விடணும். ரெடியாச்சான்னு தெரிய கடுக்காய் தோச்ச துண்டுத்துணில ஒரு சொட்டு வைப்போம், வச்ச உடனே கருகருன்னு வரணும். சாம்பல் கலர்ல வந்து அப்புறம் மெதுவா கறுத்தா இன்னும் நாள் இருக்கு.

இந்த கருப்புக்கு இங்க காசிம்னு பேரு. வடிகட்டி வச்சா மாசக்கணக்குல வரும்.

சித்தூர்_கெமிஸ்ட்ரி
மருமக அம்மா சொன்னதுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், தெரிஞ்சா எங்க கோளாறுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

வெல்லம் மொதல்ல புளிச்சி சாராயமாகுது, அந்த சமயம்தான் நுரை. அது மேல காத்து பட்டு இன்னும் புளிச்சா வினிகர்ல இருக்கற அசிட்டிக் அமிலமாகுது. அந்த அமிலம்தான் இரும்ப கரைச்சி எடுக்குது. நுரை நிலைலயே எடுத்தா இரும்பு கம்மி, சக்கரை ஜாஸ்தி, மை நீர்த்துப்போய் இருக்கும், நீர்த்த மைதான் ஓடும். கரைஞ்ச இரும்பு கடுக்காய்ல இருக்கற துவர்ப்போட, அதாவது டானினோட சேந்து கருப்பாகுது. அதனால இது மேல பூசற கலர் இல்ல, துணிக்குள்ளயே அந்த எடத்துலயே உருவாகற கலர். கடுக்காய் இல்லாத துணில அதே மைய தடவி பாருங்க, துருக்கறை மாதிரி மஞ்சப்பழுப்புதான் வரும்.

சிகப்பும் இதே தத்துவம்தான். மஞ்சிட்டியோ, அதே மாதிரி சிகப்பு குடுக்கற சாயவேரோ வெறும் பருத்தில நிக்காது. படிகாரத்துல இருக்கற அலுமினியம் ஒரு பக்கம் துணியயும் கடுக்காயயும் புடிச்சிக்குது, இன்னொரு பக்கம் சாயத்த புடிச்சிக்குது. நீங்க குச்சில படிகாரத்தண்ணி வச்சு வரையறப்பவே படம் முடிஞ்சிடுச்சி, கண்ணுக்கு தெரியாத படம். சாயத்தொட்டில முக்கறது அத தெரிய வைக்கற வேலை மட்டும்தான். இத மனசுல வச்சிகிட்டா போதும், கலம்காரில முக்கால்வாசி குழப்பம் தீந்துடும். கலர் சரியில்லன்னு சாயத்த மாத்திகிட்டே இருக்காதீங்க, சாயத்துக்கு முன்னாடி துணிக்கு என்ன செஞ்சோம்னு பாருங்க.

ஒரு எச்சரிக்கை. இரும்பு அதிகமா போனா பருத்தி நார நாளாக நாளாக அரிக்கும். பழைய கலம்காரி துணிகள்ல கருப்பு கோடு இருந்த எடம் மட்டும் பொடிஞ்சி ஓட்டை விழுந்திருக்கும், மத்த எடம் நல்லா இருக்கும். அதனால கருப்பு நல்லா வரணும்னு மேல மேல மை வைக்கறது வேணாம். ஒரு தடவ வச்சு, காஞ்சதும் அலசிடுங்க.

நகரி_தறிப்பொண்ணு
சார், கண்ணுக்கு தெரியாத படம்னு சொன்னீங்களே, அத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் இவ்ளோ நாள் மஞ்சிட்டிய மாத்தி மாத்தி வாங்கிகிட்டு இருந்தேன். சரி, அப்ப சும்மா விட்ட எடத்துல ரோஸ் ஏறுதே அது எப்படி?

காளத்தி_மருமக
அது அலசல்ல வர்ற கோளாறு. படிகாரம் தடவி ஒரு நாளாவது காய விட்டுட்டு, அப்புறம் ஓடற தண்ணில அலசணும். துணில ஒட்டாம மேலாப்புல நிக்கற படிகாரம் எல்லாம் தண்ணியோட போயிடணும். நீ பக்கெட்ல முக்கி எடுத்திருப்ப, அந்த தண்ணில கரைஞ்ச படிகாரம் துணி முழுக்க ஏறிடும், அப்புறம் காய்ச்சறப்ப எல்லா எடமும் கொஞ்சம் கொஞ்சம் சிகப்பாகும். துணிய மடிக்கவும் கூடாது. ரெண்டு பேரு நாலு மூலைய புடிச்சி விரிச்சபடியே தண்ணில நிக்கணும். ஸ்வர்ணமுகில தண்ணி ஓடறப்ப நீ வந்து பாக்கணும், முட்டிக்கால் தண்ணில துணிய விரிச்சி புடிச்சிகிட்டு நிப்பாங்க. இப்ப வருஷத்துல பாதி நாள் ஆத்துல மணல்தான் தெரியுது, அதனால தொட்டி கட்டி மோட்டார் போட்டு விட்றாங்க, வேற வழி இல்ல.

மீறி லேசா ரோஸ் ஏறினா பயப்படாத. ஆட்டுப்புழுக்கை இல்லன்னா சாணி கரைச்ச தண்ணில ராத்திரி ஊற வச்சு, காலைல அலசிட்டு புல்லு மேல விரிச்சி வெயில்ல போட்டு தண்ணி தெளிச்சிகிட்டே இருந்தா பின்னணி வெளுத்துடும், படிகாரம் வச்ச சிகப்பு அசையாது.

பள்ளிப்பட்டு_அவுரி
நடுவுல ஒரு வார்த்தை. ஊத்துக்கோட்டை, சத்தியவேடு பக்கம் இருக்கறவங்க ஓடற தண்ணின்னு சொன்னதும் கண்டலேறு கால்வாய்ல போய் அலசிடாதீங்க. அது பூண்டிக்கு போய் சென்னைக்கு குடிதண்ணியா போகுது. படிகாரமும் இரும்பும் இயற்கைன்னாலும் குடிதண்ணில கலக்கற பொருள் இல்ல. வீட்ல ஹோஸ் பைப்ப ஒரு சாய்வு பலகை மேல விட்டு அதுல துணிய விரிச்சி வச்சா போதும், நான் அப்படித்தான் பண்றேன். விழற தண்ணி தென்னைக்கு போகுது.

புத்தூர்_ஸ்க்ரீன்
இதுக்குதான் காத்துகினு இருந்தேன். தண்ணி பேச்சு வந்துடுச்சி, அதனால சொல்றேன். எல்லாரும் ஸ்க்ரீன் பிரிண்டிங்னாலே ஆத்த கெடுக்கறவன்னு பாக்கறாங்க. நான் போடறது ரியாக்டிவ் டை. நார்ல இருக்கற செல்லுலோஸோட நேரடியா சேந்துடும், சோடா ஆஷ் போட்டா போதும், கோல்டு டையா இருந்தா அடுப்பு கூட வாணாம். பேஸ்ட் கெட்டியாக ஆல்ஜினேட் போடறோம், கடல்பாசில இருந்து எடுக்கறது, சாதா மாவு கஞ்சி போட்டா கலர் துணிய விட்டுட்டு கஞ்சியோட சேந்துடும். யூரியா கொஞ்சம் போட்டா ஈரம் காயாம நிக்கும், ராத்திரி முழுக்க பிளாஸ்டிக்ல சுத்தி வச்சிட்டு காலைல அலசினா பளிச்சுன்னு நிக்கும். நூறு மீட்டர் ஒரே மாதிரி வரணும்னு கடைக்காரன் கேட்டா கடுக்காய்ல எப்படி தர முடியும்? தொழிலாளிக்கு கூலி குடுக்கணும் இல்ல?

காளத்தி_மருமக
தம்பி நீங்க ஸ்க்ரீன் போடறதுல எனக்கு எந்த கோவமும் இல்ல. கோவம் எதுலன்னா, திருப்பதில மலைக்கு வர்றவங்களுக்கு ஸ்க்ரீன்லயும் இப்ப டிஜிட்டல்லயும் அடிச்ச துணிய கலம்காரின்னு சொல்லி விக்கறாங்க பாருங்க அதுல. எங்க வீட்ல ஒரு சேலை முடிய வாரக்கணக்கு ஆகுது, அந்த துணிய பாத்துட்டு ஒருத்தங்க அங்க இதே கலம்காரி இவ்ளோ கம்மிக்கு குடுத்தாங்களேன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? காளஹஸ்தி கலம்காரிக்கு புவிசார் குறியீடு இருக்கு, மச்சிலிப்பட்டணத்துக்கு தனியா இருக்கு, அங்க பெடனால மரக்கட்டைல அச்சு வைப்பாங்க, அதுவும் படிகாரம் வச்சு காய்ச்சற வேலைதான், அதையும் நான் மதிக்கறேன். ஆனா பேரு பேருதான். டிசைன் கலம்காரி, அச்சு ஸ்க்ரீன் பிரிண்ட்னு சொல்லி வித்துட்டு போங்களேன், யாரு வேணாங்கறா?

புத்தூர்_ஸ்க்ரீன்
அக்கா நான் எழுதியே குடுக்கறேன், பில்லுல ஸ்க்ரீன் பிரிண்ட்னுதான் இருக்கும். அதுக்கு அப்புறம் கடைல என்ன சொல்லி விக்கறாங்கன்றது என் கையில இல்ல. ஆனா நீங்க சொன்னது நியாயம், துணி ஓரத்துலயே ஸ்க்ரீன் பிரிண்ட்னு அச்சுல சேத்துட முடியும், ஃப்ரேம்ல ஒரு வரி ஜாஸ்தி அவ்ளோதான். அடுத்த ஃப்ரேம்ல பண்ணிடறேன்.

சித்தூர்_கெமிஸ்ட்ரி
தம்பி ஒரு விஷயத்த விட்டுட்டார். ரியாக்டிவ் டைல ஒரு பகுதி துணியோட சேராம தண்ணியோட சேந்துடும், அது அலசறப்ப வெளிய வரும், உப்பும் சோடாவும் கூடவே வரும். நாலு மீட்டர் அலசற தண்ணி வேற, ஆயிரக்கணக்கான மீட்டர் அலசற தண்ணி வேற. திருப்பூர்ல 2011-ல சாயப்பட்டறைகள மூடச்சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட வேண்டிய அளவுக்கு நொய்யல் ஆறு கெட்டுப்போச்சு. நம்ம பக்கம் நகரி ஆறு தமிழ்நாட்டுக்குள்ள போய் கொசஸ்தலை ஆத்துல சேருது, இங்க விடறத அங்க குடிக்கறாங்க. அதனால கெமிக்கலா நேச்சுரலான்றதுக்கு முன்னாடி எவ்ளோ தண்ணி, அது எங்க போகுதுன்னு கேக்கறதுதான் சரின்னு எனக்கு படுது.

அப்புறம் சுத்த இயற்கைன்னு ரொம்ப பிடிவாதமும் வேண்டாம். இன்னைக்கு கலம்காரில பல எடத்துல சிகப்புக்கு கடைல வாங்கற அலிசரின்தான் போகுது. சாயவேர்ல சிகப்பு குடுக்கற முக்கியமான பொருளும் அதே அலிசரின். 1868-ல ஜெர்மனில கிரேபி, லீபர்மன்னு ரெண்டு பேர் அத ஆய்வகத்துல செஞ்சாங்க, அடுத்த சில வருஷத்துல வேர் பயிர் பண்ணவங்க பொழப்பு உலகம் பூரா போச்சு. 1897-ல செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் நீலம் எடுக்கற அவுரிச் செடிக்கும் அதே கதி.

பழவேற்காடு_பையன்
சாயவேர் பேச்சு வந்ததால நானும் வர்றேன். எங்க ஊர்ல டச்சுக்காரங்க 1610-ல வந்து எறங்கினதே இந்த துணிக்காகத்தான். 1613-ல கெல்ட்ரியா கோட்டை கட்டினாங்க, 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும் சோழமண்டலக் கரை பூராவுக்கும் அவங்களுக்கு இதுதான் தலைமை இடம். இங்க ஏத்தின சாயத்துணிய கொண்டு போய் இந்தோனேசியா பக்கம் குடுத்து அதுக்கு பதிலா மசாலா வாங்குவாங்க. இப்ப கோட்டைல மேடும் முள்ளும்தான் இருக்கு, கல்லறை மட்டும் நல்லா இருக்கு, வந்தா காட்டறேன்.

ஐரோப்பாவுல இந்த துணி மேல எவ்ளோ மோகம்னா, உள்ளூர் நெசவாளிங்க கத்தி 1686-ல ஃபிரான்ஸ் தடை போட்டுச்சு. இங்கிலாந்தும் 1721-ல உடுத்தவே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. காரணம் டிசைன் மட்டும் இல்ல, தொவைச்சா போகாத சிகப்பு. அங்க இருந்த ஆளுங்களுக்கு பருத்தில சாயத்த இப்படி நிக்க வைக்க தெரியல. பாண்டிச்சேரி பக்கம் இருந்த கூர்தூன்ற ஃபிரெஞ்சு பாதிரியார் இங்க சாயம் போடறவங்கள கேட்டு கேட்டு 1742-ல கடிதமா எழுதி ஊருக்கு அனுப்பினார், அதுல கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் எல்லாம் வருது. காளத்தி அக்கா மேல சொன்னத படிக்கறப்ப எனக்கு உடம்பு சிலுத்துடுச்சி, கிட்டத்தட்ட அதே வரிசை.

நகரி_தறிப்பொண்ணு
எங்க வீட்டு பக்கத்துல இவ்ளோ நடந்திருக்கா. சாயவேர் இப்ப எங்கயாச்சும் கெடைக்குமா? நாட்டுமருந்து கடைல கேட்டா மஞ்சிட்டிய எடுத்து குடுக்கறாங்க.

பழவேற்காடு_பையன்
இம்பூரல்னு கேளுங்க, அந்த பேர்ல மருந்துக்கு விக்கறாங்க. ஆனா செடியா காய வச்சு விப்பாங்க, உங்களுக்கு வேணும்கறது வேர், அதனால வேரோட இருக்கான்னு பாத்து வாங்குங்க. கடற்கரை மணல்ல தானா வர்ற சின்ன செடி, வேர் நீளமா மெல்லிசா போகும். சிப்பித்தூள் கலந்த மணல்ல வளர்ற வேருக்குதான் சிகப்பு நல்லா வரும்னு அந்த காலத்துல சொல்லி வச்சிருக்காங்க.

சித்தூர்_கெமிஸ்ட்ரி
அதுல அர்த்தம் இருக்கு, சுண்ணாம்புச்சத்து அலிசரின் சிகப்ப நல்லா தெளிவாக்கும். நகரி போர் தண்ணி கடினமா இருந்தா அது உங்களுக்கு சாதகம்தான். ஆனா அதே தண்ணில இரும்பு இருந்தா சிகப்பு மங்கிடும். தண்ணிய வாளில ராத்திரி வச்சு அடில பழுப்பா படியுதான்னு பாருங்க, படிஞ்சா சிகப்பு காய்ச்சறதுக்கு மட்டுமாவது மழைத்தண்ணி பிடிச்சு, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டுக்கோங்க. பாத்திரமும் இரும்பு சட்டி வேணாம், எவர்சில்வர் இல்லன்னா செம்பு.

நகரி_தறிப்பொண்ணு
சரிங்க சார். அடுத்தது நீலம். நீலத்தையும் கலம்ல வரைய முடியுமா? அவுரில இருந்து எடுத்த நீலப்பொடிய தண்ணில கரைச்சி தடவினா தொவைச்ச உடனே போயிடுது.

பள்ளிப்பட்டு_அவுரி
இது என் ஏரியா கண்ணு. ரிட்டையர் ஆன அப்புறம் இந்த நீலத்தொட்டியோடதான் என் பொழுது போகுது. நீலப்பொடி தண்ணில கரையவே கரையாது, நீ தடவினது துணி மேல ஒட்டின தூசி மட்டும்தான். அத கரைய வைக்கணும்னா காத்து படாத தொட்டில சுண்ணாம்பும் சக்கரையும் போட்டு அத ஒடுக்கணும், அதாவது ஆக்சிஜன் ஏத்தறதுக்கு நேரெதிர் வேலை. அப்ப நீலம் போய் மஞ்சப்பச்சையா ஆகி கரையும், அந்த நிலைல துணிய முக்கி எடுத்து காத்துல புடிச்சா ஆக்சிஜன் பட்டு நாருக்குள்ளயே திரும்ப நீலமா மாறி மாட்டிக்கும். பச்சையா வெளிய வர்ற துணி கண்ணு முன்னாடி நீலமாகறத எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்கல.

நான் வைக்கற கணக்கு ரொம்ப சிம்பிள். நீலப்பொடி ஒரு பங்கு, சுண்ணாம்பு ரெண்டு பங்கு, பழச்சக்கரை (ஃப்ரக்டோஸ்) மூணு பங்கு. பழச்சக்கரை கெடைக்கலன்னா வெல்லம், ஆனா மெதுவாதான் வேலை செய்யும். நம்ம பக்கம் பழைய முறைல ஊசித்தகரை விதைய வேக வச்சு ஊத்தி புளிக்க விடுவாங்க, அதுலயும் வச்சு பாத்தேன், நீலம் ரொம்ப ஆழமா வந்துச்சு, ஆனா நாத்தத்துக்கு வீட்ல ஒத்துக்கணும். சூடு தண்ணில கலந்து மூடி வை. மேல செம்பு கலர்ல ஒரு ஏடு படியும், நீல நுரை பூ மாதிரி கூடும், அத ஒதுக்கிட்டு பாத்தா உள்ள தண்ணி மஞ்சப்பச்சையா தெளிவா இருக்கணும். உள்ளயும் நீலமாவே இருந்தா இன்னும் சக்கரை வேணும், இல்ல சூடு பத்தல. துணிய நனைச்சி புழிஞ்சிட்டு உள்ள விடு, காத்துக்குமிழி போகாம மெதுவா. ஒரே தடவ நீளமா ஊற வைக்கறத விட சின்ன சின்னதா பல முக்கு முக்கினாதான் நீலம் நிக்கும். அலுமினிய பாத்திரத்துல சுண்ணாம்பு போடாத, அரிச்சிடும். கைக்கு க்ளவுஸ் போடு, கண்ணுக்கு தெறிக்காம பாத்துக்கோ.

வரைய முடியுமான்னு கேட்ட. கலத்துல எடுத்து துணில வைக்கறதுக்குள்ள காத்து பட்டு பாதி நீலமாயிடும், அதனாலதான் அந்த காலத்துல நீலம் வேணாத எடம் பூரா மெழுகு வச்சு மூடிட்டு துணியவே தொட்டில முக்கினாங்க. தேன்மெழுகும் பாராபினும் கலந்து வச்சுக்கோ, பாராபின் மட்டும்னா விரிசல் விட்டு நீலம் நரம்பு நரம்பா உள்ள போகும். பாத்திக் மாதிரி அந்த நரம்பு வேணும்னா பாராபின ஜாஸ்தி பண்ணிக்கலாம், அது உன் இஷ்டம். இன்னொண்ணு, தொட்டி சூடா இருந்தா மெழுகு உருகிடும். மெழுகு வச்ச துணிக்கு தொட்டிய ஆற விட்டு கைச்சூட்டுக்கும் கீழ வந்த அப்புறம் முக்கு.

காளத்தி_மருமக
எங்க பக்கம் இப்ப நீலத்த கலத்துலயேதான் வைக்கறாங்க, ஆனா ஆழமான நீலம் வேணும்னா பள்ளிப்பட்டு அம்மா சொல்ற முக்குதான். பச்சை வேணும்னா நீலத்து மேல மஞ்சள். மஞ்சளுக்கு மாதுளை ஓடு இல்லன்னா கடுக்காய்ப்பூ, காய்ச்சி வடிகட்டி அதுல கொஞ்சம் படிகாரம் போடு. சமையல் மஞ்சள் மட்டும் போடாதம்மா, வெயில்ல ஒரு வாரத்துல காணாம போயிடும். மஞ்சளும் நீலமும் வைக்கறதுக்கு முன்னாடி துணிய திரும்ப ஒரு தடவ பால்ல முக்கி காய வைக்கணும், இல்லன்னா மறுபடி பரவும். மொதல்ல முக்கின பால் காய்ச்சறப்பவும் வெளுக்கறப்பவும் எல்லாம் போயிருக்கும்ல.

நகரி_தறிப்பொண்ணு
சொன்னபடி செஞ்சிட்டு வந்திருக்கேன். கஞ்சி எடுத்தேன், சோடால கொதிக்க வச்சேன், தண்ணி உண்மையாவே டீ கலர்தான். கீளப்பட்டுல ஒரு வீட்ல எருமைப்பால் பிடிச்சேன். மைய நுரை அடங்கற வரை தொடவே இல்ல. அம்மா பழைய ஸ்வெட்டர பிரிச்சு கலம் கட்டி குடுத்தாங்க. கோடு நிக்குதுக்கா! மயிரிழை கூட ஓடல, ஒரு மயில் போட்டேன், தோகைல கண்ணு கண்ணா எல்லாம் தெளிவா தெரியுது. சிகப்பும் ஒரே சமமா வந்துடுச்சு. பின்னணில இன்னும் லேசா ரோஸ் இருக்கு, அலசறப்ப தம்பி ஒரு மூலைய விட்டுட்டான், ஆட்டுப்புழுக்கை தேடிகிட்டு இருக்கேன்.

அப்பா மொதல்ல கண்டுக்கவே இல்ல, இப்ப அந்த மயில பாத்துட்டு காட்டனுக்கு 60-ம் நம்பர் நூல் போட்டு தனியா ஓட்டி தரட்டான்னு கேக்கறார். மெல்லிசா இருந்தா கலம் போட நல்லா இருக்குமா, இல்ல கெட்டித்துணிதான் சரியா?

காளத்தி_மருமக
படம் பாத்தேன், மயில் கழுத்து வளைவு நல்லா வந்திருக்கு, கை இருக்கு உனக்கு. நூல பத்தி: கத்துக்கற வரைக்கும் கெட்டித்துணியே வச்சுக்கோ. மெல்லிசுல மை பின்னாடி எறங்கி கீழ விரிச்சத எல்லாம் கறை பண்ணும், நாலு ஆளு புடிச்சி அலசறப்ப கிழியவும் கிழியும். அப்பா கிட்ட சொல்லி பாவு ஊடு ரெண்டும் ஒரே நம்பர்ல, நெருக்கம் சமமா ஓட்ட சொல்லு, ஒரு பக்கம் நெருக்கம் ஜாஸ்தியா இருந்தா கோடு அந்த பக்கம் இழுக்கும். முடிஞ்சா கஞ்சி கம்மியா போட சொல்லு, உனக்கு கொதிக்க வைக்கற வேலை பாதியாகும்.

புத்தூர்_ஸ்க்ரீன்
தங்கச்சி, அப்பா ஓட்றப்ப எனக்கும் ஒரு பத்து மீட்டர் சேத்து ஓட்டி வைக்க சொல்லு, வெலைய சொல்லு குடுத்துடறேன். அந்த கஞ்சி கம்மி துணில கடுக்காய் தோச்சி, படிகாரத்த கருவேலம்பிசின்ல கெட்டி பண்ணி ஸ்க்ரீன்லயே அடிச்சி பாக்கணும்னு தோணுது. கண்ணி அடைக்காம இருந்தா கட்டைல அடிக்கற மாதிரியே வரணும். சார், பிசின் எவ்ளோ போடணும்னு சொல்லுங்க.

சித்தூர்_கெமிஸ்ட்ரி
பிசின ராத்திரியே தண்ணில ஊற வச்சு, மெல்லிய துணில வடிகட்டிட்டு, தேன் பதத்துக்கு கொண்டு வாங்க. படிகாரத்த தனியா சூடு தண்ணில கரைச்சு ஆற விட்டு, லிட்டருக்கு 100 கிராம் போதும், கடைசில கலங்க. சேத்து ரொம்ப நேரம் வச்சா கெட்டியாகலாம், அதனால அன்னைக்கு வேணும்கறது மட்டும். நிறமே இருக்காது, எங்க அடிச்சோம்னு தெரியாது, அடையாளத்துக்கு துளி பதங்கிக்கட்டை (சிகப்பு சாயம் விடற மரம்) சாறு சேத்துக்கோங்க. நகரி பொண்ணு, நீங்க ஆட்டுப்புழுக்கைக்கு ரொம்ப அலைய வேணாம், மாட்டுச்சாணியே போதும், ஆனா புதுசா இருக்கணும்.